சிவப்பு மூன்று, வெள்ளை இரண்டு

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சண்முகவடிவு செய்த தப்பு ஒன்றுதான். லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தி, பத்து விநாடி விரலை எடுக்காமல் வைத்திருந்தாள்.

அதற்கு முன்னால் அரைமணி நேரமாக அது பேசவில்லை. வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிற இயந்திரம் அது. திரையில் எது வந்தாலும் படித்துச் சொல்லும் மென்பொருள் அதில் உண்டு. பன்னிரண்டு வயதில் பார்வை போன சண்முகவடிவு, ஏழு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டுத்தான் வேலை பார்க்கிறாள். அன்று காலை திறந்ததும், ஏற்கெனவே இறங்கியிருந்த முக்கியமான அப்டேட் ஒன்று தயாராக இருப்பதாகக் குரல் சொன்னது. எண்டரைத் தட்டினாள். லேப்டாப் ஒருமுறை அணைந்து எழுந்தது, பிறகு சத்தமில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தாள். காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தாள். உள்ளே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ சிக்கி நின்றுவிட்டது என்று நினைத்துப் பட்டனை அழுத்தி அணைத்தாள். 'இப்போது அணைத்துவிடாதீர்கள்' என்று திரையில் எழுதியிருந்திருக்கும். எழுதியதைப் படித்துச் சொல்ல வேண்டிய குரல் அந்த நேரத்தில் வேலை செய்யாது என்பது அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊர் அவளுடையது. அப்பா சின்னச்சாமிக்கு வானம் பார்த்த பூமி கொஞ்சம் உண்டு. கொத்தமல்லியும் பருத்தியும் போடுவார். மூளைக்காய்ச்சல் வந்து மகளுக்குப் பார்வை போன வருஷம் அவர் நிலத்தை உழவேயில்லை, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். பிறகு மதுரையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே சண்முகவடிவு பிரெயில் என்கிற புள்ளி எழுத்தும் தட்டச்சும் கற்றாள். கல்லூரியில் வரலாறு படித்தாள். நான்காவது தடவை தேர்வெழுதித் திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளரானாள். பந்தல்குடிக்காரரான மாரிசெல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டது அதற்கு அடுத்த வருஷம். அவர் லாரி ஓட்டுகிறவர். அந்தச் சனிக்கிழமை உப்பு லோடோடு ஆந்திராவில் இருந்தார்.

சனியும் ஞாயிறும் சண்முகவடிவுக்கு வேறொரு வேலை. பார்வையற்ற மாணவர்கள் படிப்பதற்காகப் புத்தகங்களைத் திருத்திக் கொடுப்பாள். அச்சுப் புத்தகத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றினால் பாதி எழுத்து கோணலாகத்தான் வரும். 'ழ' வேறு எதுவாகவோ மாறிவிடும், பக்க எண் வாக்கியத்துக்கு நடுவில் வந்து உட்காரும், போர் நடந்த வருஷத்தில் ஓர் இலக்கம் காணாமல் போகும். காதால் கேட்டுக் கேட்டு அதை எல்லாம் சரிசெய்ய வேண்டும். அந்த மாதம் அவள் செய்துகொண்டிருந்தது ஒரு வரலாற்றுப் புத்தகம். ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிற ஏழு பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. கடைசி நான்கு பாடங்களை இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஊருக்குள் போன் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல், நெட் கிடையாது என்பதால் அவை எல்லாம் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. மூன்று வார வேலை.

சார்ஜரைப் பிடுங்கினாள். செருகியிருந்த பென் டிரைவை எடுத்தாள். பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்தினாள். விசிறி உஸ்ஸென்று கிளம்பி நான்கு விநாடி ஓடி நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. லேப்டாப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இடதுபக்கம் லேசான சூடு. மின்சாரம் உள்ளே போகிறது, ஏதோ ஒன்று எழுந்திருக்கப் பார்க்கிறது, முடியவில்லை. அதற்கு மேல் காதுக்கும் கன்னத்துக்கும் எதுவும் தெரியவில்லை.

பாளையம்பட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற பாலமணிகண்டனுக்குப் போன் போட்டாள். லேப்டாப்பை அவளுக்கு வாங்கித் தந்தவனும் அவன்தான். வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. போனுக்குள் மேளச்சத்தம் கேட்டது.

"அக்கா, சேலத்துல மச்சினன் கல்யாணத்துல இருக்கேன். சொல்லுங்க."

"தம்பி, லேப்டாப்பு எந்திரிக்க மாட்டேங்குது."

"என்ன பண்ணுனீங்க?"

பட்டனை அழுத்தியது உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவன் யாரிடமோ கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, சத்தம் குறைந்த ஓர் இடத்துக்கு நகர்ந்தான்.

"அக்கா, அது சாதாரண அப்டேட்டு இல்ல. பயாஸ் அப்டேட்டு. பாதியில நிறுத்திட்டீங்க."

அவன் பொறுமையாக விளக்கினான். பட்டனை அழுத்தினதும் முதலில் விழிக்கிறது ஒரு சின்ன நிரல். விசைப்பலகை இங்கே இருக்கிறது, ஃபைல்கள் இருக்கிற வட்டு அங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்கு எடுத்துச் சொல்வது அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அந்த நிரலின் பழைய வடிவத்தை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்டை நிறுத்தியதால், இப்போது அது பாதி பழசும் பாதி புதுசுமாக நிற்கிறது.

"என் ஃபைலெல்லாம்?"

"அது வேற எடத்துல பத்திரமா இருக்கும். ஆனா உள்ள இருக்க மதர்போர்டும் போயிருச்சான்னு தெரியணும். போர்டுன்னா வெளியூருக்கு அனுப்பணும், பத்து நாளாகும். கேப்ஸ் லாக் பட்டன்ல லைட்டு மின்னுதா பாருங்க."

இரண்டு விநாடி கழித்து அவனுக்கே உறைத்தது.

"ஐயோ, சாரிக்கா."

"இருக்கட்டும். மின்னுனா என்ன?"

"என்ன கோளாறுன்னு அது லைட்டுலதான் சொல்லும். செவப்புல இத்தன தடவ, வெள்ளையில இத்தன தடவன்னு. அந்த ரெண்டு நம்பரையும் சொல்லிட்டா நான் கண்டுபிடிச்சிருவேன். இந்த மாடலு சத்தம் குடுக்காது."

"வீடியோவுல காட்டவா?"

"காட்டுங்க."

காட்டிப் பார்த்தாள். படம் நகரவில்லை. அவன் குரலும் துண்டு துண்டாகி, போன் அறுந்துபோனது.

முற்றத்துக்கு வந்து நின்றாள். தெருவில் யார் இருக்கிறார்கள் என்று காது கொடுத்தாள். ஆவணிக் கடைசி. மழை இன்னும் இறங்கவில்லை, காட்டில் வேலையில்லை. மில் வேன் வந்து பாதித் தெருவை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அப்பா விதை வாங்க வெளியூர் போயிருந்தார். எதிர்வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் மட்டும் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. இன்னும் மேய்ச்சலுக்குப் போகவில்லை. அப்படியென்றால் பேச்சி இருக்கிறாள்.

பேச்சியோடு அவள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெருக்குழாயில் வரிசையில் நின்றபோது, பேச்சி பின்னாலிருந்து வந்து அவள் கையிலிருந்த குடத்தை வாங்கி, "பாவம் கண்ணு தெரியாத புள்ள, அதுக்கு மொதல்ல புடிச்சு விடுங்கடி" என்றாள். பேச்சி நினைத்தது உதவிதான். ஆனால் சண்முகவடிவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எனக்குப் பாவம் பாக்க நீ யாரு? ஒன் சோலியப் பாத்துட்டுப் போ" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். அன்றிலிருந்து பேச்சி அவள் வீட்டு வாசலைக் கடக்கும்போது ஆடுகளை மட்டும் அதட்டிக்கொண்டு போவாள்.

அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, சண்முகவடிவு யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கைத்தடியோடு தானே பஸ் ஏறுவாள். கடையில் நோட்டைத் தடவிப் பார்த்தே எத்தனை ரூபாய் என்று சொல்வாள். கேட்டால் பாவம் பார்ப்பார்கள், அதனால் கேட்காமலே இருந்துவிடுவது என்று பள்ளிக்கூடத்திலேயே முடிவு செய்திருந்தாள். இப்போது முற்றத்தில் நின்றவளுக்கு ஏழு பேரின் நினைப்பு வந்தது. அதிலும் மல்லாங்கிணறு தேவிபிரியா. தறிக்காரர் மகள், பார்வை இல்லாதவள், இது அவளுக்கு மூன்றாவது தேர்வு. நேற்றுகூடப் போன் செய்து, "அந்த நாலு பாடமும் வந்துருமாக்கா?" என்று கேட்டிருந்தாள்.

வேலிப்பக்கம் போனாள்.

"பேச்சியக்கா."

அந்தப் பக்கம் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"எனக்கு ஒரு ஒத்தாச வேணும். ஒரு லைட்டு எத்தன தடவ மின்னுதுன்னு பாத்துச் சொல்லணும்."

திட்டப்போகிறாள் என்று சண்முகவடிவு நினைத்தாள்.

"என்ன லைட்டு?" என்றாள் பேச்சி.

பேச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டாம் வகுப்போடு நின்றவள். பதினெட்டு ஆடு. எந்த பஸ் எந்த ஊருக்குப் போகும் என்பது அதன் நம்பரைப் பார்த்துத் தெரியும், போனில் நம்பர் அழுத்தத் தெரியும், அதற்குமேல் எழுத்தோடு அவளுக்குத் தொடர்பில்லை. உள்ளே வந்தவள் லேப்டாப்புக்கு முன்னால் தள்ளியே நின்றாள்.

"இதத் தொட்டா ஷாக்கு அடிக்குமா?"

"அடிக்காது. இந்தா, இந்தப் பட்டன்தான். இடது கைப்பக்கம், மேலருந்து நாலாவது வரிசைல." சண்முகவடிவு அவள் விரலைப் பிடித்து கேப்ஸ் லாக்கின் மேல் வைத்தாள். "இதுல ஒரு சின்ன லைட்டு இருக்கும். நான் பட்டன அமுக்குறேன், மின்னுதா பாருங்க."

சன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சி குனிந்து, கையைக் குடையாக வைத்துப் பார்த்தாள். மின்னுகிற மாதிரியும் இருக்கிறது, மின்னாத மாதிரியும் இருக்கிறது என்றாள். கதவைச் சாத்தினார்கள். அப்போதும் கூரைத்தகரத்தின் ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்தது. கடைசியில் சண்முகவடிவு மாரிசெல்வத்தின் லாரிக் கம்பளியை எடுத்துவந்தாள். இரண்டு பேரும் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு கம்பளியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டார்கள். உள்ளே டீசல் நாற்றமும் ஆட்டு நாற்றமும் புழுக்கமும் சேர்ந்து மூச்சு முட்டியது.

"யாராச்சும் வந்தா நம்மளப் பேய் புடிச்சிருச்சுன்னு ஓடிருவாக" என்றாள் பேச்சி.

சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"ஆங்... வருது வருது. செவப்பு. நிதானமா வருது. ஒண்ணு... ரெண்டு... மூணு. இப்ப வெள்ளை. அது வெரசா. ஒண்ணு ரெண்டு. அணைஞ்சிருச்சு."

"நிச்சயமா மூணா?"

"இரு, இன்னொருக்கா வருது." பேச்சி விரல்கணுவில் எண்ணினாள். "செவப்பு மூணு. வெள்ளை ரெண்டு."

சண்முகவடிவு ஆறு முறை பார்க்கச் சொன்னாள். ஆறு முறையும் அதே எண்கள்தான் வந்தன. கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் வேர்வை கொட்டியது.

நல்ல சிக்னல் வேண்டுமென்றால் கண்மாய்க்கரைக்குப் போகவேண்டும். பேச்சிக்கும் ஆடுகளை அங்கேதான் ஓட்டவேண்டியிருந்தது. தெருமுனையில் பேச்சி நின்றாள்.

"கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகவா, வேணாமா? இப்பவே சொல்லிரு. பெறகு தெருவுல வச்சுக் கத்தாத."

"வேணாம். நீங்க முன்னால நடங்க, ஆட்டுமணிச் சத்தம் போதும்."

கரையில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து பாலமணிகண்டனைக் கூப்பிட்டாள். "மூணு, ரெண்டு" என்றாள். அவன் எதையோ தேடுகிற நேரம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! போர்டு நல்லாத்தான் இருக்கு. பயாஸ் மட்டுந்தான் கெட்டுப்போயிருக்கு. சரியான பயாஸ் ஃபைல ஒரு பென் டிரைவ்ல போட்டு, அதச் செருகிட்டு, விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் ஒண்ணா அமுக்கிப் புடிச்சுக்கிட்டு பவரப் போடணும். அதுவே எடுத்துச் சரிபண்ணிக்கும். ஆனா பென் டிரைவ்ல போட இன்னொரு கம்ப்யூட்டரு வேணுமே."

"போன்ல செருகுற மாதிரி பென் டிரைவு இருக்கு. புள்ளைகளுக்குப் புஸ்தகம் போட்டுக் குடுக்குறதுக்கு வாங்கினது."

"அப்பச் சரி. லிங்க் அனுப்புறேன்."

கரையில் ஃபைல் இறங்க அரைமணி நேரம் பிடித்தது. அது இறங்கியதும் சண்முகவடிவு வேலையைத் தொடங்கினாள். போனின் குரலை அவள் வைத்திருக்கிற வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. விரல் நகர நகர அது கடகடவென்று பொரிந்தது. புது ஃபோல்டர் ஒன்று உண்டாக்கி, ஃபைலின் பெயரைப் பாலமணிகண்டன் சொன்னபடி மாற்றி, பென் டிரைவில் ஏற்றி, சரியாக ஏறியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள்.

பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அது பேசுறது ஒனக்கு வெளங்குதா?"

"வெளங்கும்."

"எனக்கு மழைக்குருவி கத்துற மாதிரி இருக்கு." கொஞ்சம் கழித்து, "நீ இம்புட்டு வேல தெரிஞ்சவன்னு எனக்குத் தெரியாது தாயி" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மணி பதினொன்றரை. வாசலில் கால் வைத்ததும் கரண்டு போனது. பேட்டரியை மட்டும் நம்பி ஆரம்பிக்க வேண்டாம், சார்ஜரில் போட்டுத்தான் செய்யவேண்டும் என்று பாலமணிகண்டன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. சண்முகவடிவு சோறு வடித்து, புளிக்குழம்பும் சீனியவரைக்காய்ப் பொரியலும் வைத்தாள். பேச்சி ஆடுகளை நிழலில் அடைத்துவிட்டுத் திரும்பி வந்தாள், கூப்பிடாமலேயே. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"அன்னைக்கு நான் பேசுனது அதிகந்தான்" என்றாள் சண்முகவடிவு.

"ஆமா. அதிகந்தான்." பேச்சி குழம்பை ஊற்றிக்கொண்டாள். "நானும் நாலு பேருக்கு முன்னால சொல்லியிருக்கக் கூடாது. ஆனா எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

"பாவமா இருந்தா மனசுக்குள்ள வச்சுக்கங்க."

"சரி, வச்சுக்கிறேன்."

இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. இன்னும் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சார்ஜரை மாட்டி, பென் டிரைவைச் செருகினாள். விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் பவரைத் தட்டினாள். விசிறி கிளம்பியது. நான்கு விநாடி. நிற்கவில்லை.

"எழுத்து வருது!" என்றாள் பேச்சி. "கருப்புல வெள்ளையா. இங்கிலீசு. கீழ ஒரு நீளக் கட்டம் இருக்கு. அதுக்குள்ள நீலமா ஒரு துண்டு."

"அந்தத் துண்டு நகருதா?"

"நகரல... இல்ல, நகருது. நத்த மாதிரி நகருது."

சண்முகவடிவு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் கேட்ட அதே மௌனம். இப்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "கால்வாசி. பக்கத்துல நம்பரு இருபத்தாறு. இருபத்தேழு." நாற்பத்தொன்றில் அது நின்றது. ஒரு நிமிடம் நின்றது. இரண்டு நிமிடம். விசிறிச் சத்தமும் தணிந்தது. சண்முகவடிவின் கை தானாகப் பட்டன் பக்கம் போனது. பேச்சி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சும்மா இரு. கட்டம் அப்படியேதான் இருக்கு, ஓரத்துல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. செத்தது சுத்துமா?"

அந்தக் கையை அவள் விடவேயில்லை. சண்முகவடிவும் இழுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டு வந்தது. பிறகு எண்கள் வேகமாக ஏறின. நூறு என்று பேச்சி சொன்ன மறுவிநாடி லேப்டாப் தானாக அணைந்து, தானாக எழுந்தது.

குரல் வரவில்லை.

"நீலமா ஒரு பக்கம் வந்துருக்கு. நெறய இங்கிலீசு. நடுவுல பொடிப்பொடியா எட்டுக் கட்டம்" என்றாள் பேச்சி.

எட்டுக் கட்டம் என்று சொன்னதைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோது சண்முகவடிவுக்குப் பிடிபட்டது. லேப்டாப்பை வாங்கித் தந்த அன்று பாலமணிகண்டன் சொல்லியிருந்தான்: இதில் இருக்கிற ஃபைல்களுக்கு ஒரு பூட்டு இருக்கிறது, இயந்திரத்தில் ஏதாவது பெரிய மாற்றம் வந்தால் திருடனோ என்று சந்தேகப்பட்டு அது சாவி கேட்கும், சாவி நாற்பத்தெட்டு இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அதைப் போனில் ஒரு குறிப்பாக எழுதிவைக்கச் சொன்னான். வைத்தாளா? போனில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடினாள். மளிகைச் சாமான் பட்டியல், அலுவலகத்துக் கோப்பு எண்கள், மாரிசெல்வத்தின் லைசென்ஸ் விவரம். இருபது நிமிடம் கழித்து, 'கடைசிச் சாவி' என்ற தலைப்பில் அது கிடைத்தது.

வேகத்தைக் குறைத்துவைத்த போன் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அவள் அடிக்க, திரையில் விழுந்ததைப் பேச்சி திருப்பிப் படித்தாள். எழுத்துத் தெரியாதவளுக்கு எண் நன்றாகத் தெரியும். ஐந்தாவது தொகுதியில் பேச்சி நிறுத்தினாள்.

"ஏழுக்கு அப்புறம் போன்ல ஒண்ணுன்னுச்சு. இங்க நாலு விழுந்துருக்கு."

சண்முகவடிவின் விரல் வேர்வையில் வழுக்கியிருந்தது. அழித்து மறுபடி அடித்தாள். எட்டாவது தொகுதி முடிந்ததும் எண்டரைத் தட்டினாள்.

ஒரு நிமிடம் கழித்து, அறைக்குள் அந்தப் பழைய, உணர்ச்சியில்லாத குரல் அவளுடைய பெயரைத் தப்பாக உச்சரித்துக் கடவுச்சொல் கேட்டது. ஏழு வருஷமாக அந்த உச்சரிப்பைத் திட்டிக்கொண்டிருந்தவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். பேச்சி பயந்துபோய், "என்னத்தா, மறுபடியும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. சரியாயிருச்சு."

"அதுக்கு எதுக்கு அழுகுற, கிறுக்குச் சிறுக்கி!" என்று சொல்லிவிட்டுப் பேச்சியும் மூக்கைச் சீந்திக்கொண்டாள்.

நான்கு பாடங்களும் இருந்தன. கடைசிப் பாடத்தில் பாக்கியிருந்த ஆறு பக்கத்தை உட்கார்ந்து திருத்தி, ஐந்தரை மணிக்குக் கண்மாய்க்கரையில் நின்று ஏழு பேருக்கும் அனுப்பினாள். தேவிபிரியா குரல்பதிவில் பதில் போட்டாள்: "அக்கா, வந்துருச்சு. இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டேன்." பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

அந்தத் தேர்வில் ஏழு பேரில் மூன்று பேர் தேறினார்கள். தேவிபிரியாவுக்கு ஐந்து மதிப்பெண்ணில் போயிற்று. ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த தேர்வுக்குப் புத்தகப் பட்டியல் கேட்டுப் போன் செய்தாள். இப்போது அந்தப் பட்டியலில் மூன்றாவது புத்தகத்தைச் சண்முகவடிவு திருத்திக்கொண்டிருக்கிறாள்.

பேச்சிக்கும் அவளுக்கும் எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பேச்சி இன்னமும் சில நேரம் 'பாவம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். இவளும் உடனே சுள்ளென்று விழுகிறாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் ஏதாவது ஒரு வேலையாக யாராவது ஒருத்தி வேலிப்பக்கம் வந்துவிடுவாள். ஆட்டுக்குத் தடுப்பூசி போடுகிற முகாம் எந்தத் தேதி என்று சண்முகவடிவு பார்த்துச் சொல்கிறாள். புது அப்டேட் வந்தால் பேச்சி வந்து உட்கார்ந்து கட்டம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்கிறாள்.

லேப்டாப் கெட்டுச் சரியான அந்த வாரமே சண்முகவடிவு இரண்டு காரியம் செய்தாள். லேப்டாப் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். உங்கள் இயந்திரம் தன் கோளாறை வெளிச்சத்தில் மட்டும் சொல்கிறது, அதையே சத்தத்திலும் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் தாங்களே சரிசெய்துகொள்வார்கள் என்று. நன்றி தெரிவித்து இரண்டு வரி பதில் வந்தது. அவள் விடவில்லை. எந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதை நேரத்தோடு குறித்து மறுபடி எழுதினாள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர் அழைத்து முக்கால்மணி நேரம் கேட்டுக்கொண்டார். என்ன செய்வார்கள் என்பது இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று, பார்வையற்ற கணினி பயனாளர்கள் சேர்ந்திருக்கிற குழுவில் நடந்ததை முழுசாக எழுதிப் போட்டாள். பட்டனை அழுத்திய தன் முட்டாள்தனத்தில் ஆரம்பித்து, பென் டிரைவ் தயார்செய்வது, பூட்டுச் சாவியைத் தேடி வைத்துக்கொள்வது வரைக்கும். நடுவில் ஓரிடத்தில், பக்கத்தில் கண் தெரிகிற ஒருவரைக் கூப்பிடுங்கள், அவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை, கூப்பிட வெட்கப்படாதீர்கள், நானும் வெட்கப்பட்டவள்தான் என்று எழுதியிருந்தாள். அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வருகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட ஒன்று வந்தது. கரூரிலிருந்து ஒருவர், கார்த்தீஸ்வரன் என்று பெயர் சொன்னார். அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் எழவில்லை, நாளைக்கு அலுவலகத்தில் ஒரு கணக்கெடுப்பு அறிக்கை கொடுக்கவேண்டும் என்றார்.

"பயப்படாதீங்க சார். விசிறி ஓடுதா?"

"ஓடி ஓடி நிக்குது."

"அப்ப உசுரு இருக்கு. பக்கத்துல யாரு இருக்காக?"

அவர் தயங்கினார். "தம்பி பொண்டாட்டிதான் இருக்கு. ஆனா நாங்க... அவ்வளவா பேசிக்கிறதில்ல."

"பரவால்ல" என்றாள் சண்முகவடிவு. "போன அவுககிட்டக் குடுங்க, நான் பேசுறேன்."